நிலம் வியர்த்த மார்கழி

அந்த மார்கழியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. கூரை ஒழுகவில்லை, குழாய் வெடிக்கவில்லை, யாரும் வாளியைத் தட்டி விழுத்தவில்லை. காலையில் அப்பாவின் அறைக்குள் போனால் வெள்ளை டைல்ஸ் முழுக்க நீர் பூத்திருக்கும். வெட்டக் கிடத்திய சுறாவின் வயிறு போல ஒரு மினுக்கம். கால் பெருவிரலால் ஒரு கோடு கீறினேன். கோடு சற்று நேரம் நின்றது. பிறகு இரண்டு பக்கமும் நீர் கூடி அதை விழுங்கிவிட்டது. எனக்கு வந்தது பயமல்ல, ஆத்திரம். வேண்டாத ஒருத்தியைப் பார்த்து முறைப்பதைப் போல அந்த நிலத்தைப் பார்த்து முறைத்தேன்.

அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எவ்வளவு பாரத்தை எந்தப் பக்கம் சரித்துத் தூக்கலாம் என்று கண்ணாலேயே அளந்தவர், ஐப்பசியில் சந்தை வாசலில் கிடந்த மீன் தண்ணீருக்குத் தோற்றுப்போனார். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து, ஆணி இறுக்கி, நாலு கால் வோக்கர் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒவ்வொரு நாளும் நடக்கவேணும். நடக்காட்டி படுக்கைதான், பிறகு எழும்பமாட்டார். ஆனா இன்னொருக்கா விழுந்தாரெண்டா என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

நடக்கவும் வேண்டும், விழவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு நிலம். அந்த நிலம்தான் வியர்த்துக்கொண்டிருந்தது.

வீடு திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில் இருக்கிறது. முன் யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம். கப்பலும் தெரியும், கப்பலின் துருவும் தெரியும். வருடம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் நுழைவது கடல்தான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு. உப்புப் போத்தலில் கட்டியாக, கதவுக் கொண்டியில் துருவாக, தீப்பெட்டியில் பற்றாத குச்சியாக. அதோடு எனக்குப் பழைய பகை. மழைக்காலத்தில் சப்பாத்துக்குப் பச்சை முளைக்கும், புத்தக அட்டை வளையும், பப்படம் தோசையாகும். ஆனால் நிலம் வியர்த்ததில்லை. பழைய சிவப்புச் சீமெந்து நிலம் எத்தனையோ மார்கழியைப் பார்த்திருக்கிறது; ஒரு நாளும் அது இப்படி எங்களைத் தள்ளி விழுத்தப் பார்க்கவில்லை.

அந்தச் சீமெந்துக்கு மேல் டைல்ஸ் பதித்தவன் லண்டனில் இருக்கும் என் தம்பி. வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது; அம்மா அதை என் பெயருக்கு எழுதினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆணுக்கு? ஆணுக்கு விசா. தன் பெயரில் ஒரு கல்லும் இல்லாத வீட்டுக்குத் தம்பி தொலைபேசியில் இருந்தபடியே டைல்ஸ் பதித்தான், சீலிங் அடித்தான், மர யன்னலைக் கழற்றி அலுமினியத்தில் இழுக்கும் யன்னல் போட்டான். கதவுக்கு மேலே வரிசையாக இருந்த காற்றுத் துவாரங்களைச் சீமெந்து பூசி அடைக்கச் சொன்னான். "பிறகு ஏசி போடேக்க குளிர் வெளிய போகும்" என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அனுப்புகிறவனின் வாயை எப்படி மூடுவது என்று எங்கள் ஊரில் இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பாவின் இடுப்பு முறிந்த கதை கேட்டு, லீவு எடுத்துக்கொண்டு மார்கழியில் வந்து இறங்கினான். வந்த கையோடு ஏசி. அப்பாவுக்கு வியர்க்கக்கூடாதாம், வெட்டின இடம் புழுங்கக்கூடாதாம். பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து ஏசி பூட்டும் ஆள் வந்தார். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மடக்குக் கட்டில் ஒன்றும் விரிக்கப்பட்டது. அதில் தம்பி படுத்தான். யாருக்கு ஏசி என்பது அந்தக் கட்டிலைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன், சாரத்தோடு வெறும் நிலத்தில் படுத்தவன், இப்போது ஃபேன் காற்றில் ஒரு மணித்தியாலம் படுக்கமாட்டான்.

இரவிரவாகக் குளிர் ஓடியது. காலையில் அப்பா எழும்பும்போது லண்டன் கம்பளித் தொப்பி ஒன்று தலையில் இருந்தது, கழுத்துவரை இரண்டு போர்வை. யன்னலுக்கு வெளியே வாழை இலை ஆடுகிறது, உள்ளே அப்பா பனி பெய்யும் நாட்டின் கிழவரைப் போலக் கிடக்கிறார். "குளிருதோ அப்பா?" என்று கேட்டால் மகனை ஒரு தரம் பார்ப்பார். "பரவாயில்லை பிள்ளை" என்பார்.

தம்பி ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தான். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் தீப்பெட்டி அளவு கருவி. கண்ணாடி வழிக்கிற ரப்பர் தடி. பூஞ்சணத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல். நிலம் நனைந்த முதல் காலையே அவனுடைய முகம் மாறிவிட்டது. நான் பயந்துபோய்க் கூப்பிட, அவன் கிட்டத்தட்டச் சந்தோசத்தோடு வந்தான். பழைய எதிரியை ஊரில் கண்ட மாதிரி.

"இது எனக்குத் தெரிஞ்ச சாமான் அக்கா. ஒழுக்கில்லை. காத்தில இருக்கிற ஈரம். உள்ளுக்கு நீங்கள் உண்டாக்கிற ஈரம்."

"நான் உண்டாக்கிறனோ?"

"பிட்டு அவிக்கிறியள். சோறு வடிக்கிறியள். பாருங்கோ, உடுப்பெல்லாம் உள்ளுக்குக் காயுது."

"வெளியில மழை பெய்யுது."

"மழையெண்டு எனக்கும் தெரியும்."

"அப்ப உடுப்பை எங்க போட? உன்ர தலையிலயோ?"

"குசினிக் கதவையெண்டாலும் சாத்துங்கோ."

"குசினிக்குக் கதவு நீதானே வேண்டாமெண்டனீ. ஓப்பன் ஸ்டைல் எண்டனீ."

அவன் கருவியைச் சுவரில் பிடித்தான், இலக்கத்தைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு வசனம் சொன்னான்.

"அக்கா, பிழை வீட்டில இல்லை. நீங்கள் வாழுற விதத்தில இருக்கு."

அந்த வசனம் அவனுடைய வாயில் வளர்ந்ததில்லை. எங்கோ இருந்து வந்தது, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் குலையாமல் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. வாழும் விதம்! இந்த வீட்டில் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, கடைசியாக வழியனுப்பினவள் நான். அப்பாவுக்குச் சட்டி வைத்து எடுக்கிறவள் நான். என் வாழும் விதத்தை அளக்க ஒரு தீப்பெட்டியோடு வந்திருக்கிறான்.

அவனுடைய வைத்தியம் ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரித் தொடங்கும். எழும்பியதும் ஏசியை நிறுத்துவான். பிறகு, வந்த முதல் காலையிலிருந்தே செய்கிற மாதிரி, எல்லா யன்னலையும் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை இழுத்துத் திறப்பான். சர், சர், சர். "ஈரக்காத்து வெளிய போகட்டும்." கையை வேறு வீசுவான், கோழி கலைப்பதைப் போல. அந்த நேரம் உட்துறைமுகத்தின் மேல் மழை மூட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றைப் பிழிந்தால் வாளி நிறையும். நான் தேத்தண்ணி போட்டு வருவதற்கிடையில் நிலம் மங்கும். முதலில் மூச்சு விட்ட கண்ணாடி போல. பிறகு துளி. பிறகு துளியும் துளியும் சேர்ந்து படலம். தேத்தண்ணி குடித்து முடித்ததும் அப்பா நடக்கிற நேரம்.

நான் துடைத்தேன். துடைத்துக்கொண்டு கதவடிக்குப் போவதற்குள் கட்டிலடி நனைந்திருக்கும். கட்டிலடிக்கு ஓடினால் கதவடி. சாக்கு விரித்தேன், வோக்கரின் ரப்பர்க் கால் சாக்கில் தடக்கி அப்பா முன்னுக்குச் சாய்ந்தார். சாக்கை எடுத்து எறிந்துவிட்டுப் பேப்பர் விரித்தேன். அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. உரித்து எடுத்தபோது ஓர் அமைச்சரின் முகம் டைல்ஸில் இடம் வலம் மாறிப் பதிந்து கிடந்தது. அதை உரஞ்சிக் கழுவும்போது நான் ஏசிய ஏச்சு அமைச்சருக்கும் பொருந்தும் என்று அப்பா சொன்னார்.

அலுமாரியின் பின்பக்கம் வேறு போர் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் வேட்டி மணத்தது. ஈரச் சாக்கின் மணம். அலுமாரியை இழுத்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, யாரோ விரலை மையில் தோய்த்துக் குத்திக்கொண்டே போனது போல. தம்பி மருந்தை அடித்தான். அறை நிறைய நீச்சல்குள நாற்றம். அப்பா இருமி இருமி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் தம்பியின் கையிலிருந்து போத்தலைப் பறித்தேன்; அப்பாவை ஹோலுக்குக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்திவிட்டு, வினாகிரியும் பழைய துணியுமாக வந்து சுவரைத் துடைத்தேன். புள்ளி போனது. மறு கிழமை திரும்பி வந்தது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபிறகுதான் கொஞ்சம் அடங்கியது. சுவருக்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் யாருக்குத்தான் வேண்டாம்?

தம்பி திரும்பவும் ஏசிக்காரரைக் கூப்பிட்டான். கிண்ணியாவிலிருந்து மழைக்கோட்டோடு வந்து இறங்கிய மனுசன், கம்பளித் தொப்பியோடு இருந்த அப்பாவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயாவ குளிருக்கு நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா நுவரெலியாவ இஞ்ச கொண்டந்து வெச்சிருக்கீங்க போல."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நாள் கணக்கில் கேட்காத சிரிப்பு. தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நிலம் ஏன் நனையுது, அதைச் சொல்லுங்கோ."

ஏசிக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். நிலத்தைக் காலால் தடவினார். "காஸ் கொறஞ்சிருக்கும் தம்பி. அடிச்சா சரி வரும்" என்று சொல்லி காஸ் அடித்துவிட்டுப் போனார். சரி வரவில்லை. அறை இன்னும் குளிர்ந்தது. அடுத்த காலை நிலத்தில் குளமே கட்டியது. எனக்கு அவர்மேல் கோபமில்லை. எங்கள் மூன்று பேரையும் போல அவரும் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்.

அந்தக் குளத்தில்தான் வோக்கர் சறுக்கியது.

நான் பின்னால் நின்றேன். முன்கால்கள் இரண்டும் விலகிப் போவதைக் கண்டேன். அப்பாவின் சாரத்தை இடுப்போடு கொத்தாகப் பிடித்தேன். தம்பி யன்னலடியிலிருந்து பாய்ந்து வந்தான். வந்தவன் தானே சறுக்கி முழங்காலில் விழுந்தான். அப்பா விழவில்லை. கட்டில் விளிம்பில் வந்து குந்தினார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்திருந்தது. அவர் நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மூன்றிலும் ஒன்றையும் நம்பவில்லை.

"இனி நான் நடக்கமாட்டன்."

"அப்பா, டொக்டர் சொன்னவர் தெரியும்தானே?"

"டொக்டரை வந்து இந்த நிலத்தில நடக்கச் சொல்லு."

அன்று நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. கால் வீங்கத் தொடங்கியது. முதுகின் கீழே தோல் சிவந்தது. திருப்பிப் படுக்க வைக்கும்போது அவர் என் கையைத் தட்டிவிட்டார். தம்பி தொலைபேசியில் படம் ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். கொழும்பில் முதியோர் இல்லம். சறுக்காத நிலம், சுவரில் கைபிடி, வெள்ளைச் சட்டை நேர்ஸ்மார்.

"கொஞ்ச நாளைக்கு அக்கா. இந்த வீட்டில அப்பாவை வைச்சிருக்க ஏலாது."

"எந்த வீட்டில?"

"இந்த ஈர வீட்டில."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையில்லை என்பது இமையில் தெரிந்தது. அவருக்கு முன்னாலேயே அவரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று கதைத்துக்கொண்டிருந்தோம், விற்கப்போகிற அலுமாரியைப் பற்றிக் கதைப்பது போல. நான் மருந்துச் சீட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அங்கேயே நின்றிருந்தால் அந்தத் தொலைபேசி யன்னலால் போயிருக்கும்.

பட்டணத்தில் பார்மசி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஐஸ் போன்ற குளிர். கூட்டம். நீண்ட நேரம் நின்று அப்பாவின் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே வந்தேன். வந்ததும் குருடானேன். மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை. பள்ளிக்கூட மதில் ஓரமாக, எங்கள் பட்டணத்தில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று குப்பைப் பையைக் கிளறிக்கொண்டு நின்றது. அது ஒரு மண்ணிறக் கறையாகிவிட்டது. வழமையாக இதை நான் முந்தானையால் துடைத்துவிட்டுப் போவேன். அன்றைக்குத் துடைக்கவில்லை. கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நின்றபோது கண்ணாடி உலர்ந்திருந்தது. அவ்வளவு குளிரிலும் உலர்ந்திருந்தது. வெளியே வந்தபிறகுதான் நனைந்தது. பள்ளிக்கூடத்தில் 'ஒடுங்கல்', ஆவி குளிர்பட்டு நீராவது, என்று பாடமாக்கி, சோதனையில் எழுதி, அன்றே மறந்த சொல் தெருவோரத்தில் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. தண்ணீர் தெருவின் தண்ணீர். என் கண்ணாடி குளிர்ந்திருந்தது, அதனால் அதில் வந்து குந்தியது.

பிட்டில்லை. சோறில்லை. உடுப்பில்லை. இரவு முழுக்க நிலத்தைக் குளிர வைத்துவிட்டு, விடிந்ததும் யன்னலைத் திறந்து உட்துறைமுகத்தையே உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என் தம்பி.

வீட்டுக்கு ஏறி வரும்போது மூச்சு வாங்கியது, ஏற்றத்தால் மட்டுமில்லை. எனக்கு நிலம் காயவேண்டும், அப்பா நடக்கவேண்டும். அதோடு தம்பி பிழை என்று அவன் வாயாலேயே வரவேண்டும். எது முதலில் என்று அந்த ஏற்றத்தில் யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை அவன் ஏசியை நிறுத்திவிட்டு யன்னலுக்குப் போவதற்கு முன்னால் நான் யன்னலடியில் நின்றேன்.

"திறக்காதை."

"அக்கா, காத்து மாறவேணும்."

"நிலத்தைத் தொட்டுப் பார். இப்ப காய்ஞ்சு கிடக்கு. நீ திறந்தாப் பிறகுதான் நனையுது."

"நீங்கள் எனக்குச் சொல்லித் தாறியளோ?"

"ஓம்."

"இருபது வருசம் அக்கா! இருபது வருசம் இதோட அடிபட்டவன் நான்!"

அப்பா கட்டிலில் தலையைத் திருப்பினார். தம்பி நின்ற இடத்திலேயே கொட்டத் தொடங்கினான். அவர்களுடைய லண்டன் வீட்டைப் பற்றி அவன் எங்களுக்கு அனுப்பிய படங்களில் எப்போதும் பிறந்தநாள் கேக் இருக்கும், பலூன் இருக்கும். பலூனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பற்றி அன்றுதான் சொன்னான். சுவர் கறுப்பு. யன்னலில் தண்ணீர் வழியும். காலையில் துவாய் பிழிந்துதான் வேலைக்குப் போவான். பிள்ளைகள் இரண்டுக்கும் இழுப்பு. பையில் பம்ப் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. வீடு தந்த கவுன்சிலுக்கு எழுதி எழுதி, கடைசியில் ஒருத்தன் வந்தானாம். சப்பாத்தைக் கழற்றாமல் அறைக்குள் வந்தானாம். சுவரில் கருவியைப் பிடித்தானாம்.

"கறி சமைக்கிறது பிழையெண்டான். சோறு அவிக்கிறது பிழையெண்டான். உடுப்புக் காயப்போடுறது பிழையெண்டான். இந்த அறைக்குள்ள நாலு பேர் மூச்சு விடுறது கூடவெண்டான் அக்கா. மூச்சு! வீட்டில பிழையில்லை, நீங்கள் வாழுற விதத்திலயெண்டான். யன்னலைத் திற எண்டான். மீட்டருக்குக் காட் போட்டு வாங்கின சூடு. ஹீட்டரைப் போட்டிட்டு யன்னலைத் திறந்தன். பிள்ளையள் கோட்டோட இருந்து சாப்பிட்டதுகள். ஆனா திறந்தாக் காயும். எனக்குத் தெரியும், திறந்தாக் காயும்!"

நான் அவனைக் கட்டிப் பிடித்திருக்கலாம். வேறு யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் பிடித்திருப்பார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு.

"அங்க காயும். ஏனெண்டா அங்க குளிர் வெளியில. இஞ்ச குளிர் உள்ளுக்கு. சட்டையை மறுவளமாப் போட்டுக்கொண்டு நிக்கிறாய் நீ."

"அக்கா..."

"கேள். அங்க நீ பிழையில்லை. சோறும் பிழையில்லை, உன்ர பிள்ளையளின்ர மூச்சும் பிழையில்லை. சூடாக்க வசதியில்லாத சனத்துக்குக் குளிர்ச் சுவரைக் குடுத்தவன் பிழை. அவன் சொன்ன பொய்யைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர முகத்தில எறியிறாய் பார், இஞ்ச நீதான் பிழை."

அந்த மடிப்புக் குலையாத வசனம் சப்பாத்துக்காரனுடையது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தம்பியில் குற்றமில்லை என்று இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அதைச் சொன்னவள் அதே மூச்சில் அடித்துமிருக்கிறாள். எதிர்பார்த்தபடியே அவன் கிடைத்த கல்லை எடுத்தான்.

"உங்கட வீடுதானே. நீங்கள் சொல்லுறதுதான் சட்டம்."

"ஓம். என்ர வீடு. இண்டையிலிருந்து ஏசி இல்லை. ஹோலில படு."

"ஏசி அப்பாவுக்குப் போட்டது!"

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்குக் குளிருது."

இரண்டு பேரும் திரும்பினோம். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்; வெள்ளை மயிர் நாலா பக்கமும் நின்றது.

"வந்த நாளிலயிருந்து குளிருது. கடல் தண்ணிக்குள்ள கிடந்த மாதிரிக் குளிருது."

"ஏன் சொல்லேல்லை?" என்று தம்பி கேட்டான்.

"நீ வாங்கித் தந்தனீ. எப்பிடிச் சொல்லுறது?" பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் ஒரு வார்த்தைக்குத்தான் கேட்டனீ பிள்ளை."

தம்பி மடக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனான். போகிற போக்கில் கதவு நிலையில் வேண்டுமென்றே இடித்தான். அடுத்த நாள் உளியும் சுத்தியலும் எடுத்துக் கதிரையில் ஏறி, அடைத்திருந்த காற்றுத் துவாரங்களை உடைத்தான். நான் கேட்கவில்லை, அவனும் என்னைக் கேட்கவில்லை. அவன் அடித்த அடியில் எனக்கு எத்தனை, கவுன்சில்காரனுக்கு எத்தனை என்று பிரிக்க முடியாது. சீமெந்துத் தூள் அவனுடைய தலையில் கொட்டியது. அப்பாவை மூக்கில் துணி கட்டிக் குசினியில் இருத்தியிருந்தேன். அங்கிருந்தபடி அவர் மேற்பார்வை செய்தார். "மெல்ல அடி, நிலை வெடிச்சிடும்... அப்பிடியில்லை, சரிச்சுப் பிடி." கடைசித் துவாரம் திறந்ததும் ஒரு சின்னக் காற்று குறுக்கே வந்து கலண்டரைத் தூக்கியது. தம்பி கதிரையில் நின்றபடியே அதைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இறங்கிக் குளிக்கப் போனான்.

நிலம் காய்ந்தது. மழை விட்டுத் திடீரென்று வெக்கை ஏறும் நாளில் மட்டும் காலையில் சற்று மங்கும். ஃபேனைச் சுழலவிட்டால் தேத்தண்ணி ஆறுவதற்குள் தெளிந்துவிடும். பிட்டுப் பானையை நான் வேண்டுமென்றே யன்னலுக்கு நேரே வைத்து அவித்தேன், ஆவி போகிற வழியை அவன் பார்க்கட்டும் என்று. அவன் பார்க்காத மாதிரி இருந்தான். இரவில் ஹோலில் வியர்த்து வியர்த்துப் புரண்டான். கட்டில் கிரீச்சிடும் சத்தம் எனக்குக் கேட்கும். கேட்கத்தான் வேண்டும் என்றும் இருந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் வெற்றி தோல்வி முடிந்திருந்தது. ஆனால் அப்பா நடக்கவில்லை.

"நிலம் காய்ஞ்சிட்டுது அப்பா."

"ஓம், காயும். பிறகு நனையும்."

"இனி நனையாது."

"நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறதை நம்பி நான் இன்னொரு எலும்பை முறிக்கேலாது."

தம்பி வெறுங்காலோடு அறையின் நடுவில் நின்று தொம் தொம் என்று குதித்துக் காட்டினான். "பாருங்கோ, சறுக்குதோ?"

"நீ அண்டைக்கு விழுந்ததை நான் மறக்கேல்லை" என்றார் அப்பா.

நான் சிரித்துவிட்டேன். தம்பி என்னை வெட்டுவது போலப் பார்த்தான். ஆனால் குந்தினான். நிலத்தில் முழங்கால் போட்டு, உள்ளங்கையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தடவிக்கொண்டு கட்டிலடியிலிருந்து கதவடிவரை போனான். மறுபக்கத்திலிருந்து நானும் குந்தினேன். அவனுடைய கையை நம்பி என் அப்பாவை விட முடியாது. வயது போன இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காமல், நிலத்தைத் தடவிக்கொண்டிருந்தோம். அப்பா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிரேனின் கூட்டுக்குள்ளிருந்து பார்ப்பவர் போல.

"அந்த மூலை?"

"காய்ஞ்சிருக்கு" என்றான் தம்பி.

"பிள்ளை, நீ பாத்தனீயோ?"

"காய்ஞ்சிருக்கு அப்பா."

அவர் நம்பியது எங்களையல்ல. ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒரு மூலையைப் பற்றி ஒரே பதிலைச் சொன்னதைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். காலைக் கீழே வைத்தார். விரல்கள் டைல்ஸில் பரவின. வோக்கரைப் பிடித்தார். வலப்பக்கம் நான், இடப்பக்கம் தம்பி. எழும்பினார். வீங்கிய கால் நடுங்கியது.

"மெல்ல அப்பா."

"இடக்கால் முதல்."

"அவருக்குத் தெரியும், நீ பேசாமல் வா."

"நீங்கள் பேசாமல் வாங்கோ."

அறையின் நடுவில் அப்பா நின்றார். "ரெண்டு பேரும் கையை விடுங்கோ."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். யார் முதலில் விடுவது என்று நின்றோம். யாரும் விடவில்லை. அப்பா இரண்டு முழங்கைகளையும் ஒரே உதறாக உதறினார், மழையில் நனைந்த நாய் உடம்பை உதறுவது போல. வோக்கரைத் தூக்கி முன்னால் வைத்தார். டக். ஒரு கால். மற்றக் கால். டக். நாங்கள் பின்னால் கையை விரித்துக்கொண்டு போனோம். இருவரும் அவருடைய காலைப் பார்க்கவில்லை, நிலத்தையே பார்த்தோம். கதவு நிலையைத் தாண்டினார். ஹோலுக்குள் போனவர் வழியில் நின்றுவிட்டார். போர்வை குலைந்து, வியர்வையில் நனைந்த தலையணையோடு மடக்குக் கட்டில் குறுக்கே கிடந்தது.

"ஆர் இதை இஞ்ச போட்டது? மனுசர் நடக்கிறதில்லையோ?"

தம்பி என்னைப் பார்த்தான். குனிந்து கட்டிலை மடக்கத் தொடங்கினான். ஒரு கால் இறுகிப்போய் மடங்க மறுத்தது, அவன் மல்லுக்கட்டினான். நான் போய்ப் பிடிக்கவில்லை. அப்பா காத்திருக்கவும் இல்லை. வோக்கரைச் சரித்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்ணால் ஒரு தரம் அளந்து, அதற்குள்ளால் நுழைந்து வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.